வாசற்படியிற் சொல்லும் வார்த்தை

வீட்டை விட்டுப் புறப்படுகிறவர் "போகிறேன்" என்று சொல்லலாகாது என்பது நம்மவரிடையே எவரும் எழுதிவைக்காத ஒரு சட்டம். சந்திக் கடையில் அரைக் கிலோ சீனி வாங்கி வருவதாயினும் சரி, கடல் கடந்து கனடாவுக்குப் போவதாயினும் சரி, "போட்டு வாறன்" என்றே சொல்லவேண்டும். சிறுபிள்ளையொன்று வாய் தவறி "நான் போறன்" என்றால், அடுக்களைக்குள் இருக்கும் ஆச்சி அகப்பையும் கையுமாக வெளியே வந்து, "போட்டு வாறன் எண்டு சொல்லு மோனை" என்று திருத்திய பிறகே உள்ளே போவார். பள்ளிக்கூடத்தில் இலக்கணப் பிழைக்குக்கூட அத்துணை விரைவாகத் திருத்தம் கிடைப்பதில்லை.

இச்சட்டத்துக்கு ஒரு விலக்கு உண்டு. செத்த வீட்டுக்குச் சென்றவர் விடைபெறும்போது "போட்டு வாறன்" என்று சொல்வதில்லை. எழுந்து, சொல்லாமலே படலையைக் கடந்து விடுவார். அந்த வீட்டுக்கு அந்தக் காரணத்துக்காக மீண்டும் வர வேண்டாம் என்பது அதன் கருத்து. ஒரே சொல்லைச் சொல்ல வேண்டிய இடமும் சொல்லாது விட வேண்டிய இடமும் நம்மூர்ப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். யாரும் வகுப்பெடுத்துக் கற்பித்ததில்லை.

இவ்வழக்கம் தமிழர்க்கே உரியதென்று எண்ணுவோர் பலர். ஆனால் நமக்கு மிகத் தொலைவிலுள்ள கொரிய தேசத்திலே காலையில் பள்ளிக்குப் புறப்படும் சிறுவன் தாயைப் பார்த்து "தன்யோ ஒகெஸ்ஸும்னிதா" என்கிறான். "போய்த் திரும்பி வருவேன்" என்பதே அதன் நேர்ப்பொருள். தாய் "தன்யோவா", அதாவது "போய் வா" என்கிறாள். விருந்தாளியாகச் சென்றவர் விடைபெறும்போது அங்கே வேறு சொற்கள் வழங்குகின்றன. புறப்படுகிறவர் "அமைதியாக இருங்கள்" என்று வாழ்த்த, வீட்டில் நிற்பவர் "அமைதியாகச் செல்லுங்கள்" என்று விடைகொடுக்கிறார். இருப்பவருக்கு ஒரு சொல், போகிறவருக்கு ஒரு சொல். இவ்விரண்டையும் மாற்றிச் சொல்லி நகைப்புக்கிடமாகாத வெளிநாட்டார் அந்நாட்டில் மிகச் சிலரே.

அமெரிக்கருக்கோ இந்தத் தொல்லைகள் இல்லை. "குட்பை" என்ற சொல் ஆதியில் "கடவுள் உம்முடன் இருப்பாராக" என்னும் வாழ்த்தாக இருந்து, தேய்ந்து தேய்ந்து இன்றைய உருவத்தை அடைந்தது. இப்பொழுது அதை உச்சரிப்பவர் எவரும் கடவுளை நினைப்பதில்லை. "சீ யூ லேட்டர்" என்று வேறொன்றும் சொல்வார்கள். "பிறகு சந்திப்போம்" என்பது பொருள். அதை மறுபடி ஒருகாலும் காணப்போகாத கடைச் சிப்பந்திக்கும் சொல்வார்கள். அந்நாட்டுக்குப் புதிதாகச் சென்ற நம்மவர் ஒருவர் அதனை மெய்யென்று நம்பிக் காத்திருந்தாரானால் குற்றம் அவருடையதன்று.

கொரியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே உள்ள இந்த மரியாதை வேற்றுமைகளைப் பற்றி யாழ்ப்பாணத்தார் அறிய வேண்டியது என்ன என்று வாசகர் கேட்கலாம். முன்னொரு காலத்தில் கேட்டிருந்தால் நியாயமே. ஆனால் 2004 ஆம் ஆண்டில் கொரியா தன் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளரை அரசாங்க ஒப்பந்தத்தின் மூலம் எடுக்கத் தொடங்கிய நாள் முதலாக, இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கொரிய மொழிப் பரீட்சை எழுதிச் சென்று வருகிறார்கள். யாழ்ப்பாணத்து இளைஞரும் இவர்களுள் உண்டு. மற்றொரு புறம், 1983 இன் பின் சிதறிப்போன நம் குடும்பங்களின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் நியூயோர்க்கிலும் பிறந்து வளர்ந்து இன்று தாங்களே பிள்ளைகளைப் பெற்றுவிட்டார்கள். ஆகவே ஆவணி மாதத்தில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரே வீட்டில் ஒன்றுகூடும் பேரப்பிள்ளைகளுள் ஒருவன் கொரியாவில் பழகியவனாகவும் மற்றவன் அமெரிக்காவில் வளர்ந்தவனாகவும் இருப்பது இன்று அதிசயமன்று. அப்படியொரு குடும்பத்தைக் கொழும்புத்துறையில் நாம் அறிவோம். அவர்களிடம் பின்னர் வருவோம்.

கொழும்புத்துறைக்கு அந்நியர் வருகை புதிதன்று. பட்டினத்தின் தென்கிழக்கே கடனீரேரியின் கரையில், ஒருகாலத்தில் பூநகரிப் பக்கத்துக்குத் தோணி புறப்பட்ட துறை அது. யோகர் சுவாமிகள் 1964 இல் மறையும் வரை பல்லாண்டுகள் வாழ்ந்த குடில் அங்கேதான் இருந்தது. 1949 இல் இளைஞராயிருந்த ஓர் அமெரிக்கர் அவரைத் தேடி வந்தார். சுப்பிரமுனியர் என்ற பெயருடன் பிற்காலத்தில் ஹவாய்த் தீவில் ஆதீனம் நிறுவியவர் அவரே. இலங்கையின் மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மைந்தரும் அவ்வாறே வந்து அடியவரானார். அவரை நம்மவர் சந்தசுவாமி என்றழைத்தனர். நாற்காலியிற் பிறந்து நாற்காலியில் வளர்ந்த மனிதர்கள் இங்கே வந்து தரையிலே கால்மடித்து அமர்ந்ததை ஊர் வேடிக்கை பார்த்தது. சுவாமிகளோ வந்தவர் சிலரை அன்போடு இருத்துவார், சிலரை ஏசித் துரத்துவார். எவருக்கு எது கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் மரியாதை நூல் எதுவும் அங்கே பயன்பட்டிராது.

மரியாதை நூல் என்றதும் நினைவுக்கு வருவது, அமெரிக்கரிடம் அத்தகைய நூல்கள் நிறைய உண்டு என்பதே. எமிலி போஸ்ட் என்னும் அம்மையார் 1922 இல் வெளியிட்ட பெருநூல் இன்றும் புதுக்கிப் புதுக்கி அச்சிடப்படுகிறது. எந்தக் கரண்டி எந்தப் பக்கம் என்பது முதல் இரங்கற் கடிதம் எழுதுவது வரை அதில் அடக்கம். நம்மிடமும் அப்படியொரு நூல் இல்லாமலில்லை. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றாகிய ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் இயற்றியது, முற்றிலும் இவ்விடயத்துக்கே உரியது. தம்மினும் பெரியவர் பந்தியில் இருக்கும்போது அவருக்கு முன் உண்ணத் தொடங்கலாகாது, அவருக்கு முன் எழலாகாது என்று அது விதிக்கிறது. கொரியக் குடும்பமொன்றின் உணவு வேளையை இன்று சென்று பார்ப்பவர் அந்த விதி அங்கே அச்சொட்டாக வாழக் காண்பார். பாட்டனார் கரண்டியைக் கையில் எடுத்த பின்னரே மற்றவர் எடுப்பர். முதியவர் முன்னிலையில் மது அருந்த நேர்ந்தால் இளையவர் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு அருந்துவர். நம் நூல் நம் மாணவரின் பரீட்சைத்தாளில் இருக்க, அதன் விதி சியோலில் சோற்றுக் கிண்ணத்தின் அருகில் இருப்பது விந்தையே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "சாப்பிட்டாச்சோ?" என்பது நம்மூரில் நலம் விசாரிக்கும் சொல். வேலியால் எட்டிப் பார்க்கும் அயலவள் அதைக் கேட்கும்போது சோறு போடும் எண்ணத்தோடு கேட்பதில்லை, "ஓம், நீங்கள்?" என்பதே விடை. கொரியரும் அப்படியே "பப் மொகொஸ்ஸொயோ?", சோறு உண்டீர்களா, என்று ஒருவரையொருவர் கேட்பர். பஞ்சத்தையும் போரையும் கண்ட நாடுகளில் இக்கேள்விக்கு ஒரு கனம் உண்டு போலும். 1950 முதல் 1953 வரை நடந்த யுத்தத்தில் அந்நாடு பட்ட பாடு உலகறிந்தது. அமெரிக்கரிடம் இக்கேள்வியைக் கேட்டால், விருந்துக்கு அழைக்கப்பட்டதாக எண்ணி, எத்தனை மணிக்கு என்று கேட்பார்.

விருந்து என்று வந்தபோது மறுத்தல் என்னும் கலையைப் பற்றிச் சிறிது விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் மனத்தாங்கல்கள் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கின்றன. நம் வீடுகளில் "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்ற முதற் கேள்விக்கு "வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்பதே முறையான விடை. அது மறுப்பன்று. வீட்டுக்காரர் இரண்டாம் முறை கேட்பார். விருந்தாளி "உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்" என்பார். மூன்றாம் முறை கேள்வியே இராது. மூக்குப்பேணியோ கோப்பையோ கைக்கு வந்துவிடும். இருவரும் திருப்தியடைவர். கொரியரிடையேயும் பரிசையும் உபசாரத்தையும் ஓரிரு முறை மறுத்துப் பின் இரு கையாலும் ஏற்பதே பண்பெனக் கருதும் பழக்கம் உண்டு. அமெரிக்கர் ஒரு முறை "வேண்டாம், நன்றி" என்றால் அது வேண்டாம் என்பதே. அதற்கு மேல் வற்புறுத்துவது மற்றவரின் விருப்பத்தை மதியாத செயலாக அவருக்குத் தோன்றும். அதுபோலவே அவர் ஒரு முறை கேட்டு, நாம் "வேண்டாம்" என்றால், பாத்திரத்தை உள்ளே கொண்டு போய்விடுவார். பசியோடு திரும்பிய நம்மவரின் கதைகள் வெளிநாட்டுத் தமிழரிடம் ஏராளம்.

பெயர் சொல்லி அழைப்பதிலும் இதே சிக்கல். அமெரிக்கர் தம் மேலதிகாரியையும், சில வீடுகளில் மாமனாரையும், பெயர் சொல்லியே அழைப்பர். பெயர் என்பது ஒருவருக்குச் செய்யும் கௌரவம் என்பது அவர் கொள்கை. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் தம் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, தம் நாட்டில் பணம் உதவிய புரவலரின் பெயர்களைச் சூட்டினார்கள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்கள் நம் இலக்கிய வரலாற்றில் நிலைத்தது அவ்வாறே. பெயரைப் பரிசாகக் கொடுக்கும் மக்களும், பெரியவரின் பெயரை வாயால் உச்சரிக்கவே கூசும் மக்களும் வட்டுக்கோட்டையில் ஒரே கூரையின் கீழ்ப் பழகினார்கள். கணவன் பெயரைச் சொல்லாமல் "இஞ்சாருங்கோ" என்று அழைத்தே ஐம்பது ஆண்டு இல்லறம் நடத்திய பாட்டிமார் இன்னும் நம்மிடையே உளர். கொரியப் பெண்ணையும் அயலார் அவள் பெயரால் அழைப்பது அருமை. இன்ன பிள்ளையின் அம்மா என்றே அழைப்பர். அறியாத கடைக்காரியையும் அங்கே உறவுப் பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அண்ணனுக்கு ஆண் தம்பி சொல்லும் பெயர் வேறு, தங்கை சொல்லும் பெயர் வேறு. நம்முடைய அண்ணை, அக்கா, குஞ்சம்மா, பெரியையா என்னும் வரிசையையும் விஞ்சிவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும்.

ஆங்கிலத்துக்கு முன்னிலைச் சொல் ஒன்றே. அரசனும் "யூ", ஆட்டுக்குட்டியும் "யூ". யாழ்ப்பாணத்துப் பேச்சிலோ நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உண்டு. தமிழகத்துப் பேச்சில் பெரும்பாலும் மறைந்துபோன அந்த "நீர்" நம்மிடம் இன்னும் உயிரோடிருக்கிறது. நண்பனுக்கும் மனைவிக்கும் வளர்ந்த மருமகனுக்கும் "நீர்" என்னும் போது அதில் உள்ள இதமான நடுத்தர மரியாதையை வேறு மொழிக்கு மாற்ற முடியாது. கொரிய மொழியில் இது வினைச்சொல்லின் விகுதியிலேயே புகுந்துவிட்டது. எதிரில் இருப்பவர் மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் ஒரு வாக்கியத்தைக்கூட முறையாக முடிக்க இயலாது. அதனாலேதான் கொரியர் புதிதாகக் கண்டவரிடம் வயதைக் கேட்கிறார்கள். அமெரிக்கருக்கு இது பெரும் அநாகரிகம். பெண்களிடம் கேட்டால் அதனினும் பெரிது. வயதைக் கணக்கிடும் முறையும் அங்கே விசித்திரமானது. பிறந்தவுடனே ஒரு வயது, அடுத்த புத்தாண்டிலே இன்னொரு வயது. மார்கழிக் கடைசியிற் பிறந்த குழந்தைக்கு இரண்டு நாளில் இரண்டு வயதாகிவிடும். 2023 ஆம் ஆண்டு யூன் மாதம் 28 ஆந் தேதி முதல் சட்டப்படி உலக முறையே செல்லும் என்று அந்நாட்டு அரசு விதித்தது. கிழவிமார் எந்த முறையைப் பின்பற்றுகிறார்கள் என்பது வேறு விடயம்.

கொரியர் தம் தாயை "என் அம்மா" என்பதில்லை. "உரி ஒம்மா", எங்கள் அம்மா, என்பர். ஒரே பிள்ளையாகப் பிறந்தவனும் அப்படியே சொல்வான். நம்மவர் "எங்கட அம்மா", "எங்கட வீடு" என்பது போலத்தான். அப்பாவை அவர்களும் "அப்பா" என்றே அழைக்கிறார்கள். இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு வியந்த ஹோமர் ஹல்பேர்ட் என்னும் அமெரிக்கர், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905 இல் ஒரு நூலே எழுதினார். இன்றைய மொழியியலார் அந்த உறவை ஏற்பதில்லை. அம்மா, அப்பா என்பன குழந்தையின் உதடு தாமாக எழுப்பும் ஒலிகள், உலகெங்கும் உள்ளவை என்கிறார்கள். கொரியர் தமிழரின் வழித்தோன்றல்கள் என்று மேடையில் முழங்குவோர் இதனை நினைவிற் கொள்வது நலம். ஆனால் ஒரு அமெரிக்கருக்கு நம்மையும் கொரியரையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றியதே, அதைக் குறித்து வைக்கலாம்.

இனி நாம் முன்பு சொன்ன குடும்பத்துக்கு வருவோம். ஆச்சிக்கு எண்பது கடந்துவிட்டது. மகளின் மகன் அமெரிக்காவிற் பிறந்து அங்கே கல்லூரியிற் படிக்கிறான். மகனின் மகன் கொரியாவில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகள் வேலை செய்து விடுமுறையில் வந்திருந்தான். இருவரும் ஒரே திருவிழாவுக்கு ஒரே வீட்டில் தங்கினார்கள்.

கொரியாவிலிருந்து வந்தவன் ஆச்சியின் கையிலிருந்து தேநீரை இரு கையாலும் வாங்கினான். பெரியவர் உள்ளே வந்தால் எழுந்து நின்றான். ஆச்சி உட்காராமல் உண்ணத் தொடங்கவில்லை. அயலெல்லாம் அவனைப் புகழ்ந்தது. "கொரியாக்காரர் பிள்ளையைக் கெடுக்காமல் அனுப்பியிருக்கிறார்கள்" என்று ஒரு பெரியவர் நற்சான்றிதழும் வழங்கினார். அமெரிக்கப் பிள்ளையோ முதல் நாளே தேநீரை "வேண்டாம் ஆச்சி, தாங்ஸ்" என்று மறுத்தான். ஆச்சி வழக்கப்படி மீண்டும் கொண்டுவந்தார், மீண்டும் மறுத்தான். மூன்றாம் முறை கோப்பையைக் கையில் வைத்தபோது, "நான் வேண்டாமெண்டு சொன்னேனே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஆயினும் ஆச்சியின் முகம் வாடியது. உண்ட கோப்பையைத் தானே கழுவப் போனான். ஆண்பிள்ளை குசினிக்குள் நின்று கோப்பை கழுவுவதை அயலார் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று ஆச்சி பறித்தெடுத்தார். எதிர்வீட்டு முதியவரின் கண்ணை நேரே பார்த்துப் பேசிக் கைகுலுக்கினான். கண்ணை நேரே பாராதவன் எதையோ மறைக்கிறான் என்று அவனுக்குக் கற்பித்திருக்கிறார்கள். பெரியவரை அப்படிப் பார்ப்பவன் அடங்காதவன் என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஒரு கிழமைக்குள் ஊரின் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

ஆனால் ஒரு மாலையில் நடந்தது வேறு. அந்த அமெரிக்கப் பிள்ளை ஆச்சியின் பாயிலே வந்து அமர்ந்து, 1995 ஆம் ஆண்டில் என்ன நடந்தது என்று நேராகக் கேட்டான். நம் வழக்கில் இளையவர் மூத்தவரிடம் துயரக் கதையைக் கிண்டிக் கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் தலை குனிந்து கேட்போம். சொல்லாவிடில் விட்டுவிடுவோம். கொரியாவிலிருந்து வந்த பேரனும் கேட்டதில்லை, இங்கேயே வளர்ந்தவர்களும் கேட்டதில்லை. ஆச்சி சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார். ஐப்பசி மாத இறுதியில் ஒலிபெருக்கி அறிவித்த அந்த இரவு, மழை, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நெருங்கி நெருங்கி நகர்ந்த சனம், சைக்கிளிற் கட்டிய மூட்டை, எல்லாவற்றையும் சொன்னார். இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கு அவ்வாறு சென்றது வரலாறு. ஆனால் ஆச்சி சொன்ன ஒரு செய்தி எந்த வரலாற்றிலும் இல்லை. புறப்படும்போது "போட்டு வாறம்" என்று சொல்ல அயலில் ஒருவரும் இல்லை, எல்லோரும் புறப்பட்டுவிட்டார்கள். ஆகையால் வாசற்படியில் நின்று வீட்டைப் பார்த்துத்தான் சொன்னாராம். 1996 சித்திரைக்குப் பின் திரும்பி வந்தபோது கூரை இல்லை, படி இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை கண்ணீரைத் துடைக்காமலே ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டான். அன்றிரவு ஆச்சி தேநீர் கொண்டுவந்து ஒரே ஒரு முறைதான் கேட்டார். அவனும் வாங்கிக் குடித்தான்.

எவன் மரியாதை தெரிந்தவன் என்று அயலில் கேட்டால் இன்னும் கொரியப் பேரனையே சொல்வார்கள். அது பொய்யுமன்று. நமக்கு மற்றவனைப் பற்றியும் ஒரு நல்ல சொல் சொல்லத் தோன்றுகிறது, அவ்வளவே.

இன்னொரு காரணமும் உண்டு. நம் மரியாதைகளை எண்ணி நாம் உச்சி குளிரும் போது, அவற்றுள் சில யாரை மதிப்பதற்காக அன்றி யாரைத் தள்ளி வைப்பதற்காக ஏற்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். எச்சில் படாதபடி அண்ணாந்து குடிப்பது சுத்தமான பழக்கமே. ஆனால் ஒரு சாராருக்கு மூக்குப்பேணியும், வேறொரு சாராருக்குச் சிரட்டையும் தகரப் பேணியும் கொடுத்ததும் இதே ஊரில் "முறை" என்ற பெயரால்தான் நடந்தது. யார் விறாந்தை வரை வரலாம், யார் முற்றத்தோடு நிற்க வேண்டும் என்பதையும் முறை என்றே சொன்னார்கள். தேநீர்க் கடைகளிலே சமமாக அமர்ந்து குடிப்பதற்கு மனிதர் போராட வேண்டியிருந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் பின்னும் 1968 இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் மறியல் நடந்தது. எவனுக்கும் ஒரே "யூ", எவனுக்கும் ஒரே கைகுலுக்கல் என்னும் அமெரிக்க வழக்கு நமக்கு வறண்டதாகத் தோன்றலாம். முற்றத்தில் நிறுத்தப்பட்டவருக்கு அப்படித் தோன்றியிராது. அமெரிக்கரும் தம் நாட்டில் கறுப்பின மக்களுக்குத் தனித் தண்ணீர்க் குழாய் வைத்திருந்தவர்களே, 1964 இல்தான் அவர்கள் சட்டம் அதனை நீக்கியது என்பதும் உண்மை. கொரியாவிலோ வயதையும் பதவியையும் காட்டிக் கீழுள்ளவரை நசுக்கும் கொடுமைக்கு இன்று தனிச் சொல்லே ஏற்பட்டு, பத்திரிகைகள் அதைக் கண்டித்து எழுதுகின்றன. நம் தொழிலாளர் பிள்ளைகள் அங்கே பட்டறைகளில் மேற்பார்வையாளரின் ஏச்சை வாங்கும்போது, குனிந்து வணங்கும் அழகான வழக்கத்தின் மறுபக்கத்தையும் காண்கிறார்கள்.

பணம் கொடுக்கும் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உணவுச்சாலையில் கூட்டாக உண்டால் அமெரிக்கர் அவரவர் பங்கைக் கணக்கிட்டுக் கொடுப்பர். பரிமாறியவருக்கு நூற்றுக்குப் பதினைந்து இருபது வீதம் தனியே வைப்பர். கொரியாவில் பரிமாறியவருக்குத் தனியே கொடுக்கும் வழக்கம் இல்லை. கூட்டத்தில் மூத்தவர் அனைவருக்கும் கொடுப்பார், அல்லது கொடுக்க முந்துவார். அவரவர் பங்கைக் கொடுப்பதைக் கொரியர் "டச்சு" என்ற சொல் சேர்த்தே குறிக்கிறார்கள். அந்த டச்சுக்காரரோ, நாம் ஒல்லாந்தர் என்போமே அவர்கள்தான், 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். கோட்டை கட்டினார்கள், தேசவழமையை எழுதி வைத்தார்கள். ஆனால் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் நமக்குக் கற்பிக்க அவர்களால் முடியவில்லை. இன்றும் நம்மவர் இருவர் கடைக்குள் உண்டால், காசாளரின் முன் ஒருவர் கையை மற்றவர் பிடித்து இழுக்கும் மற்போரைக் காணலாம்.

கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்கு ஓரிரு குறிப்புகள். கொடுப்பதையும் வாங்குவதையும் இரு கையாற் செய்க, அல்லது வலக்கையால் செய்து இடக்கையை வலக்கையின் கீழே தாங்குக. நம் கோயிலிலே விபூதி வாங்குவது போலத்தான். சோற்றிலே கரண்டியையோ உணவுக்குச்சியையோ செங்குத்தாக நட்டு வைக்க வேண்டாம், அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் பெயரைச் சிவப்பு மையால் எழுத வேண்டாம். ஒருவரை விரலை மேல்நோக்கி ஆட்டி அழைக்க வேண்டாம், உள்ளங்கை கீழே நோக்க அழைக்க வேண்டும். நம்மவர் பேருந்தை மறிப்பது போல. பரிசு கொடுத்தவர் முன்னிலையிலேயே அதைப் பிரித்துப் பாராதிருப்பது அங்கே அடக்கம். அமெரிக்காவுக்குச் செல்பவரோ உடனே பிரித்து வியந்து பாராட்ட வேண்டும், இல்லாவிடில் பிடிக்கவில்லை என்று கொள்வார்கள்.

நம்மிடம் புதிதாக ஏற்பட்ட ஒரு மரியாதையையும் இங்கே சேர்க்கலாம். கைத்தொலைபேசியிற் பேசி முடிக்கும்போது அமெரிக்கர் "பை" என்று ஒரே எழுத்தில் அறுத்துவிடுகிறார். கொரியர் "இணைப்பைத் துண்டிக்கிறேன்" என்று அறிவித்துத் துண்டிக்கிறார். நம்மவரோ "அப்ப வைக்கட்டோ?" என்று மற்றவரிடம் அனுமதி கேட்கிறார். இந்தக் கேள்வியை எந்த நூலும் விதிக்கவில்லை. கடல் கடந்த பிள்ளைகளோடு பேசத் தொடங்கிய இந்த நாற்பது ஆண்டுகளில் அது தானாக முளைத்தது. "ஓம், வை" என்று மறுமுனை உடனே சொல்வதில்லை. "சாப்பிட்டியோ?" என்று முதலிற் கேட்ட கேள்வியே திரும்ப வரும். பிறகு மழை பெய்கிறதா, அங்கே குளிரா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா. பிறகு மறுபடியும் "அப்ப வைக்கட்டோ?" கொழும்புத்துறை ஆச்சியின் அமெரிக்கப் பேரன் இப்பொழுது ஞாயிறுதோறும் அழைக்கிறான். மூன்றாம் முறை கேட்டால்தான் வைக்க விடுவார் என்பதை எப்படியோ அறிந்துகொண்டு, முதல் இரண்டு முறையையும் ஐந்து நிமிடம் முன்னதாகவே கேட்டு முடித்துவிடுகிறானாம்.